டியூபின் உள்பக்கமே பஞ்சர் ஆகிறதா? ரிம் டேப்பைப் பாருங்கள்

பஞ்சர் ஒட்டிய சைக்கிள் டியூப் மறுநாளே இறங்கிப்போனால் ஒட்டியவரைத் திட்டுவதுதான் வழக்கம். சில சமயம் அது நியாயமாகவும் இருக்கும். ஆனால் திட்டுவதற்கு முன்னால் ஓட்டை டியூபின் எந்தப் பக்கத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். சாலையைத் தொடும் பக்கத்தில் இருந்தால் முள்ளோ ஆணியோ கண்ணாடித் துண்டோ காரணம். வால்வு இருக்கும் பக்கத்தில், அதாவது ரிம்மின் மேல் உட்காரும் பக்கத்தில் இருந்தால், சாலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. புது டியூப் போட்டாலும் புது டயர் போட்டாலும் அந்தப் பஞ்சர் திரும்ப வரும். ரிம்முக்கும் டியூபுக்கும் நடுவே போடும் பட்டையை, அதாவது ரிம் டேப்பைச் சரிசெய்தால்தான் நிற்கும்.

நம் ஊர்க் கடைகளில் டியூபை மாற்றுகிற வேகத்தில் இந்தப் பட்டையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. நூற்றுக்கணக்கில் கொடுத்து டியூப் வாங்குகிறோம். அதைக் காக்கிற பட்டை கிழிந்து தொங்கினாலும் அப்படியே உள்ளே தள்ளி டயரை மூடிவிடுகிறார்கள். இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம். முதல் முறை ஒரு மணி நேரம் ஆகும், பழகினால் கால் மணி நேரம்.

உங்கள் ரிம் எந்த வகை?

டயரையும் டியூபையும் கழற்றி, பழைய பட்டையையும் எடுத்துவிட்டு ரிம்மின் உள்பள்ளத்தைப் பாருங்கள். ஸ்போக்ஸ் கம்பிகளைப் பிடித்திருக்கும் நிப்பிள்களின் தலைகள் பள்ளத்தின் பரப்பிலேயே புடைத்துக்கொண்டு தெரிந்தால் அது ஒற்றைச் சுவர் ரிம். இரும்பு ரிம் போட்ட பெரிய சைக்கிள், பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிள், விலை குறைந்த சிறுவர் சைக்கிள் எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. பெரிய சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 32, பின் சக்கரத்துக்கு 40 ஸ்போக்ஸ் என்பது பழைய பிரிட்டிஷ் கணக்கு. அத்தனை நிப்பிள் தலைகளும் டியூபைப் பார்த்தபடி நிற்கின்றன.

நிப்பிள் தெரியாமல், வட்டமான துளைகள் மட்டும் தெரிந்து, துளைக்குள் ஆழத்தில் நிப்பிள் உட்கார்ந்திருந்தால் அது இரட்டைச் சுவர் ரிம். ஹைபிரிட், ரோடு பைக், நல்ல மலைச் சைக்கிள் எல்லாவற்றிலும் அலுமினியத்தில் இந்த வகைதான். இங்கே பிரச்சினை வேறு மாதிரி. துளை காலியாக இருக்கிறது. காற்று நிறைந்த டியூப் அதற்குள் பிதுங்கப் பார்க்கிறது. ஒரு துளை 9 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டியூபில் 100 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) காற்று அடித்தால் அந்த ஒரு துளையின் மேல் மட்டும் ஏறக்குறைய நாலரைக் கிலோ எடை அழுத்திக்கொண்டே இருக்கும். 32 துளைகளிலும் இதே கதை, நீங்கள் ஓட்டாமல் நிறுத்திவைத்திருக்கும்போதும். இதைத் தாங்க ரப்பர் பட்டையால் முடியாது. அது டியூபோடு சேர்ந்து தானும் துளைக்குள் இறங்கிவிடும்.

ஆகவே எதை வாங்குவது என்பதைத் தீர்மானிப்பவை இரண்டுதான்: துளை எப்படி இருக்கிறது, எவ்வளவு காற்று அடிக்கப்போகிறீர்கள். விலையும் நிறமும் பிறகு.

அளவு: இன்ச்சை நம்பாதீர்கள்

கடையில் போய் "28 இன்ச்" என்று கேட்டால் தவறான பட்டை கையில் வரலாம். நம் பெரிய சைக்கிளின் 28 இன்ச் சக்கரத்துக்கு ரிம் விட்டம் 635 மி.மீ. ஹைபிரிட்டுக்கு 700சி என்று எழுதியிருக்கும். அதையும் 28 இன்ச் என்றே பலர் சொல்கிறார்கள். அதன் விட்டம் 622 மி.மீ. மலைச் சைக்கிளில் 29 இன்ச் என்பதும் அதே 622தான். பழைய மலைச் சைக்கிளின் 26 இன்ச் 559 மி.மீ.; ஆனால் 26க்குப் பக்கத்தில் ஒன்றே மூன்று எட்டு என்று பின்னமாக எழுதிய டயரானால் 590. சிறுவர் சைக்கிளின் 20 இன்ச் பெரும்பாலும் 406.

டயரின் பக்கவாட்டில் 37-622 என்பது போல இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். இரண்டாவது எண்தான் ரிம் விட்டம். முதல் எண் டயரின் அகலம்; அதைப் பார்த்து டேப் வாங்கக் கூடாது. டேப்புக்கு வேண்டியது ரிம்மின் உள் அகலம். ரிம்மிலேயே 622x19 என்று ஒட்டியோ பொறித்தோ இருந்தால் அந்த 19தான் அது. எழுத்து அழிந்திருந்தால் வெர்னியர் அளவுகருவியை ரிம்மின் இரு உதடுகளுக்கு இடையே வைத்து அளந்துகொள்ளுங்கள். பள்ளிக்கூட அளவுகோலும் போதும், கண்ணை நேராக வைத்துப் பார்த்தால்.

டியூப் போடும் சக்கரத்துக்கு டேப் இந்த உள் அகலத்தைவிட 1 முதல் 3 மி.மீ. குறைவாக இருக்கட்டும். 19 மி.மீ. ரிம்முக்கு 16 அல்லது 18 மி.மீ. டேப் சரியாக உட்காரும். இதைவிடக் குறுகலாக இருந்தால் பட்டை பக்கவாட்டில் நகர்ந்து துளையின் ஓரத்தைத் திறந்துவிடும். பஞ்சர் சரியாக அந்த ஓரத்தில் விழும். அகலம் கூடிவிட்டால் டயரின் ஓரம் உட்கார வேண்டிய இடத்தில் டேப் ஏறி நிற்கும். டயர் ஓரிடத்தில் மேலேயும் ஓரிடத்தில் கீழேயும் உட்கார்ந்து, ஓட்டும்போது சக்கரம் குதிக்கும். அதைக் கோட்டம் (சக்கரம் கோணிப்போவது) என்று நினைத்து ஸ்போக்ஸை முறுக்கிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என்னென்ன வகை கிடைக்கிறது

ரப்பர் பட்டை மிக மலிவு. வளையமாகவே வரும், வால்வுக்கு ஒரு துளை இருக்கும், இழுத்து மாட்டினால் முடிந்தது. 40, 50 பிஎஸ்ஐ காற்றில் ஓடும் ஒற்றைச் சுவர் ரிம்முக்கு இது போதும். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டிப் பட்டையாகப் போடுவது நம் சைக்கிள் கடைகளின் பழைய பழக்கம். ஒற்றைச் சுவர் ரிம்மில் அதில் தவறே இல்லை, கடையில் விற்கும் மெல்லிய ரப்பரைவிட அது தடிமனாகவே இருக்கும். இரட்டைச் சுவர் ரிம்மில் மட்டும் இரண்டையும் போடாதீர்கள். புதுச் சைக்கிளில் தயாரிப்பாளரே ரப்பர் பட்டை போட்டு அனுப்பியிருந்தாலும் சரி, அதிகக் காற்றில் ஓட்டுவதானால் மாற்றிவிடுங்கள்.

நைலான் போன்ற கெட்டியான பிளாஸ்டிக் பட்டையும் வளையமாகத்தான் வரும். ரப்பர் போல நீளாது. இரட்டைச் சுவர் ரிம்முக்கு ஏற்றது. பட்டையின் மேலேயே அளவு 18-622 என்பது போல அச்சிட்டிருக்கும். தாங்கும் அழுத்தத்தையும் சில நிறுவனங்கள் அச்சிடுகின்றன. ஒரு சக்கரத்திலிருந்து கழற்றி மறுபடி மாட்டலாம் என்பது இதன் வசதி. கையில் எடுத்துப் பார்க்கும்போது விரல் நகத்தால் அழுத்தினால் குழி விழாத கெட்டித்தன்மை இருக்க வேண்டும்.

பருத்தித் துணி டேப்பைத்தான் நான் யாருக்கும் முதலில் சொல்வேன். பின்பக்கம் பசை இருக்கும், சுருளாக வரும், ஒரு முனையில் வால்வுக்குத் துளை இருக்கும். பிரான்ஸ் நாட்டின் வெலாக்ஸ் இந்த வகையில் பெயர் பெற்றது. துணி நீளாது, ஒட்டிய இடத்தைவிட்டு நகராது, வெப்பத்துக்கு இளகாது. கடைசியாகச் சொன்னது மலைப்பாதையில் இறங்குகிறவர்களுக்கு முக்கியம். கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளிலும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால், ரிம்மைக் கவ்வும் வகை பிரேக்காக இருக்கும் பட்சத்தில், ரிம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். மெல்லிய பிளாஸ்டிக் பட்டை அந்தச் சூட்டில் இளகித் துளைக்குள் தொய்யும். டிஸ்க் பிரேக் சைக்கிளில் இந்தக் கவலை இல்லை. துணியின் குறை ஒன்றே: மழைத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், இரும்பு ரிம்மானால் துருவுக்கு வழி.

டியூப் இல்லாத டயருக்கான டேப் தனி. அதைப் பிறகு சொல்கிறேன். ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாகச் சொருகும் பிளாஸ்டிக் மூடிகளும் உண்டு. எடை குறைவு, ஆனால் துளையின் விட்டம் மிகச் சரியாகப் பொருந்த வேண்டும். புதியவர்களுக்கு அவசியமில்லை.

மின்சார வேலைக்கான இன்சுலேஷன் டேப்பை மாற்றாகப் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். அது ரப்பரைப் போலவே நீளும். நம் வெயிலில் பசை இளகி டேப் நகர்ந்துவிடும். மறுமுறை கழற்றும்போது ரிம் முழுக்கக் கறுப்புப் பிசின் ஒட்டியிருக்கும். அவசரத்துக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் துணி பிளாஸ்திரி எவ்வளவோ மேல். இரண்டு சுற்று போட்டால் நன்றாகவே உழைக்கிறது.

ஒட்டுவதற்கு முன்

சக்கரத்தைக் கழற்றி, காற்றை முழுக்க இறக்கி, டயரின் இரு ஓரங்களையும் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளிவிட்டு, டயரை நெம்பும் லிவர் போட்டுக் கழற்றுங்கள். டியூபை எடுக்கும்போது எந்தப் பக்கமாக இருந்தது என்று நினைவில் வைத்துக்கொண்டு ரிம்மின் மேல் அப்படியே விரித்துவையுங்கள். வால்வுக்கு வால்வு பொருத்தினால் ஓட்டை ரிம்மில் எந்த இடத்துக்கு நேராக வருகிறது என்று தெரிந்துவிடும். அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டுப் பிறகே பழைய பட்டையை உரியுங்கள்.

பழைய பட்டையைத் தூக்கியெறிவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரட்டைச் சுவர் ரிம்மில் நாள்பட்ட பட்டை பல்லாங்குழிப் பலகை போலச் சீரான இடைவெளியில் குழி குழியாக இருக்கும். குழி ஆழமில்லாமல் மழுங்கலாக இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். ஒரு குழியின் விளிம்பில் வெள்ளைக் கோடு போல வெடிப்பு ஓடியிருந்தால் அதுதான் டியூபை அறுத்த இடம். டியூபில் அதே இடத்தைப் பாருங்கள்: முள் குத்திய புள்ளியாக இல்லாமல் சின்னப் பிறை வடிவத்தில் கீறியிருக்கும்.

ஒற்றைச் சுவர் ரிம்மில் தேட வேண்டியது வேறு. கோட்டம் எடுத்த சில நாட்களில் உள்பக்கம் பஞ்சர் ஆகத் தொடங்கியதா? அப்படியானால் காரணம் அநேகமாக ஸ்போக்ஸ் முனைதான். கோட்டம் எடுக்கும்போது நிப்பிளை முறுக்க முறுக்க, கம்பியின் முனை நிப்பிள் தலையைத் தாண்டி மேலே வந்துவிடும். அதன் மேல் எவ்வளவு நல்ல பட்டை போட்டாலும் குத்திக் கிழித்துவிடும். விரலைப் பள்ளத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வேகமாக ஓட்டினால் விரல்தான் பஞ்சர் ஆகும். பழைய துணியையோ பஞ்சையோ ஓட்டினால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் நூல் சிக்கிக் காட்டிக்கொடுக்கும். நீண்ட முனைகளை அரத்தால் நிப்பிள் தலைக்குச் சமமாக ராவிவிடுங்கள். ராவிய தூளைத் துடைத்தெடுப்பது கட்டாயம்.

அடுத்து வால்வுத் துளை. துளை போட்டபோது நின்றுபோன பிசிறு பல ரிம்களில் அப்படியே இருக்கும். வால்வின் அடியில் டியூப் கிழிவதற்கு முக்கியக் காரணம் இந்தப் பிசிறு. உப்புத்தாளைச் சுருட்டித் துளைக்குள் விட்டு நாலு திருகு திருகுங்கள். வால்வுத் துளைக்கு நேர் எதிரே ரிம்மின் இணைப்பு இருக்கும். அங்கேயும் மேடு தட்டினால் தேய்த்துவிடுங்கள். இரும்பு ரிம்மில் துரு செதில் செதிலாக நின்றால் அதையும் உப்புத்தாளால் எடுங்கள்.

பசை டேப் ஒட்டுவதானால் ரிம்மில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. பழைய பிசினை மண்ணெண்ணெயால் எடுக்கலாம், ஆனால் அதோடு நிறுத்தினால் புது டேப் ஒட்டாது. பின்னால் ஸ்பிரிட் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்து, காயவிடுங்கள். கழுவியிருந்தால் துளைகளுக்குள் தண்ணீர் நிற்கும்; சக்கரத்தைச் சுற்றிவிட்டு வெயிலில் வையுங்கள்.

வளையப் பட்டையை மாட்டுவது

பட்டையின் துளையை ரிம்மின் வால்வுத் துளைக்கு நேராக வைத்து, இரண்டிலும் சேர்த்து ஒரு திருப்புளியைச் செருகுங்கள். பட்டை ஓடாது. வால்வு மேலே இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி, இரு கைகளாலும் இரு பக்கமும் சமமாக இழுத்துக்கொண்டே கீழே வாருங்கள். ரப்பரானால் தானாக உட்காரும். பிளாஸ்டிக் பட்டை கடைசி ஒரு சாணில் முரண்டுபிடிக்கும். பத்து நிமிடம் வெயிலில் வைத்தாலோ வெந்நீரில் நனைத்துத் துடைத்தாலோ கொஞ்சம் இளகும். அப்படியும் வராவிட்டால் பிளாஸ்டிக் லிவரைப் பட்டைக்கு அடியில் கொடுத்து ஏற்றுங்கள். இரும்பு லிவரோ திருப்புளியோ பட்டையைக் கீறிவிடும்.

மாட்டியபின் ஒரு முழுச் சுற்று பாருங்கள். முறுக்கு விழுந்திருக்கக் கூடாது, எல்லாத் துளைகளும் பட்டையின் நடுவில் மறைந்திருக்க வேண்டும். பட்டை தொளதொளவென்று இருந்தால் அது உங்கள் அளவு இல்லை. 622 ரிம்மில் 635 பட்டை போட்டால் இப்படித்தான் இருக்கும். மடித்துச் சரிக்கட்ட முயல வேண்டாம்.

துணி டேப் ஒட்டுவது

டேப்பின் துளையிட்ட முனையை வால்வுத் துளையில் பொருத்தித் திருப்புளி செருகிக்கொள்ளுங்கள். சக்கரத்தை மடியில் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து, இரு முழங்கால்களுக்கு இடையே பிடித்துக்கொண்டால் கை இரண்டும் ஓய்வாக இருக்கும். பசைக் காகிதத்தை மொத்தமாக உரிக்காதீர்கள். ஒரு ஜாண் உரிப்பது, இழுத்துப் பிடிப்பது, கட்டை விரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துவது, அடுத்த ஜாணுக்குப் போவது. இழுவை ஒரே சீராக இருக்க வேண்டும்; தளர்வாக ஒட்டிய இடத்தில் டேப் நெளிந்து மேலே தூக்கும்.

700சி சக்கரத்துக்கு இரண்டு மீட்டர் நீளம் சுற்றிவரும். வால்வுக்குத் திரும்பி வந்ததும் மேலே 2 செ.மீ. ஏறும்படி விட்டு வெட்டுங்கள். அந்த மேலேறல் வால்வுத் துளைக்கு மேல் விழாமல் சற்றுத் தள்ளி விழட்டும். துளையின் மேலேயே விழுந்தால் வால்வின் அடிப்பாகம் மேட்டில் ஏறிச் சாய்ந்து உட்காரும். கடைசியில் திருப்புளிப் பிடியின் உருண்ட பக்கத்தால் முழுச் சுற்றையும் தேய்த்து அழுத்துங்கள்.

வால்வுத் துளையிலும் இரண்டு அளவு உண்டு. ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கு 6.5 மி.மீ.; மோட்டார் சைக்கிளில் பார்க்கும் தடித்த வால்வுக்கு 8.5 மி.மீ. பெரிய துளையில் ஒல்லி வால்வைப் போட்டால் அது ஆடி ஆடி அடியில் அறுந்துவிடும். இடைவெளியை நிரப்பச் சின்ன ரப்பர் வளையம் கிடைக்கிறது.

டியூப் இல்லாத டயருக்கு

இங்கே டேப்பின் வேலை காற்றையே அடைப்பது. துணி டேப் உதவாது. துணி காற்றை விடும். மெல்லிய, உறுதியான பாலிபுரோப்பிலீன் டேப்தான் வேண்டும். அகலம் ரிம்மின் உள் அகலத்தைவிட 2 முதல் 5 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும், சுவரிலிருந்து சுவர் வரை மூட வேண்டும். டியூப் சக்கரத்துக்குச் சொன்ன கணக்குக்கு இது நேர் எதிர் என்பதால் மாற்றி வாங்கிவிடுகிறார்கள்.

ரிம்மை ஸ்பிரிட்டால் துடைப்பதில் சோம்பல் பட்டால் இங்கே மன்னிப்பே கிடையாது. வால்வுத் துளைக்கு ஒரு சாண் முன்னால் தொடங்குங்கள். துளையைக் கடந்து, ரிம்மின் வளைவுக்குள் டேப் படியும்படி கை வலிக்க இழுத்து ஒட்டி, ஒரு சுற்று முடித்துத் தொடங்கிய இடத்தையும் துளையையும் தாண்டி முடியுங்கள். வால்வின் மேல் இரண்டு அடுக்கு விழும். அதிகக் காற்று அடிக்கும் ரோடு பைக்கானால் முழுச் சுற்றும் இரண்டு அடுக்கு போடுவது நல்லது. உள்ளே காற்றுக் குமிழ் தெரிந்தால் கட்டை விரலால் ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றுங்கள்.

வால்வுக்குத் துளையிட, கம்பி ஊசியைச் சூடாக்கிக் குத்துங்கள். உருகிய விளிம்பு மேற்கொண்டு கிழியாது. கத்தியால் கீறினால் கீறல் நீண்டு அங்கேதான் கசியும். உடனே சீலன்ட் (கசிவை அடைக்கும் திரவம்) ஊற்றிவிடாமல், ஒரு டியூபைப் போட்டு டயரை மாட்டி, வழக்கமான காற்றை அடித்து ஓர் இரவு வைத்துவிடுங்கள். அந்த அழுத்தத்தில் டேப் ரிம்மோடு படிந்துவிடும். மறுநாள் டியூபை உருவிவிட்டு வால்வையும் சீலன்டையும் போடலாம். பிறகு எப்போதாவது நிப்பிள் ஓரத்தில் வெள்ளையாகச் சீலன்ட் கசிந்து காய்ந்திருப்பதைப் பார்த்தால் டேப் எங்கோ திறந்துவிட்டது என்று பொருள். சீலன்டை மேலும் ஊற்றி அதை அடைக்க முடியாது. கழற்றித் துடைத்துப் புதிதாக ஒட்ட வேண்டியதுதான்.

திரும்ப மாட்டும்போது

டியூபுக்கு லேசாக, உருண்டை வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று அடித்து வால்வை முதலில் செருகுங்கள். டயரின் கடைசிப் பகுதியை வால்வு இருக்கும் இடத்தில் முடித்து, வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுங்கள். டயர் ஓரத்துக்கு அடியில் மாட்டிய டியூப் விடுபடும். பாதிக் காற்று அடித்து நிறுத்தி, டயரின் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோட்டைச் சுற்றிலும் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் தெரிந்தால் முழுக் காற்றையும் அடிக்கலாம். ஓரிடத்தில் கோடு உள்ளே மறைந்தால் காற்றை இறக்கிப் பிசைந்து சரிசெய்யுங்கள். திரும்பத் திரும்ப அதே இடத்தில் மறைந்தால் அங்கே டேப் ஓரத்தில் ஏறியிருக்கிறது.

வழியில் பட்டை கிழிந்து பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைப்பம்பின் மேல் ஒரு முழம் துணி பிளாஸ்திரியைச் சுற்றி வைத்திருங்கள். தேவைப்படும்போது நாலு விரல் அகலத் துண்டாகக் கிழித்து, பழுதான துளையின் மேல் இரண்டு அடுக்காக ஒட்டி, டியூபை மாட்டுங்கள். வழக்கத்தைவிடக் காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டினால் வீடு வந்து சேரலாம். வந்ததும் அந்தத் துண்டைப் பிய்த்துவிட்டு முழுச் சுற்றுக்கும் புது டேப் போடுங்கள். ஒரு துளையில் வெடித்த பட்டை மற்றத் துளைகளிலும் வெடிக்கும் நிலையில்தான் இருக்கும்.